லண்டனில் முதல் டிசம்பர்: அறைக்குள் முடங்காமல் விடுமுறையைக் கழிப்பது எப்படி?

செப்டம்பரில் படிக்க வந்து, வங்கிக் கணக்கு, வாடகை அறை, பகுதிநேர வேலை என்று இரண்டு மாதம் அலைந்து, கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தால் டிசம்பர் வந்து நிற்கும். இந்த ஊர்ப் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நாம் ஊருக்குப் போகலாம் என்றால் விமானக் கட்டணம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். என் முதல் வருடம் அந்த இரண்டு வாரத்தையும் போர்வைக்குள் படுத்து, போனில் ஊர்க்காரர்களிடம் பேசியே கழித்தேன். ஜன்னலுக்கு வெளியே இருந்த நகரத்தைப் பார்க்கவே இல்லை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் முக்கால்வாசி, காசு செலவில்லாமல் நடந்தே பார்க்கக்கூடியவை.

படி 1: முதலில் சூரியனைக் கணக்கில் எடுங்கள்

டிசம்பர் நடுவில் லண்டனில் காலை 8 மணிக்குத்தான் விடியும், மாலை 3.50-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் 4 மணி என்றால் டீ குடிக்கிற நேரம், இங்கே அது இரவு. இது தெரியாமல் 11 மணிக்கு எழுந்து, குளித்து, சமைத்து, சாப்பிட்டு வெளியே வந்தால் இருட்டிக்கொண்டிருக்கும். அப்படியே நாலு நாள் போனால் மனசு சோர்ந்துவிடும், காரணம் என்னவென்றே புரியாது. எனவே ஒரே ஒரு பழக்கம் போதும்: காலை 10 மணிக்குள் வீட்டைவிட்டு இறங்கிவிடுங்கள். பூங்கா, ஆற்றங்கரை, நடை எல்லாம் வெளிச்சம் இருக்கும்போது. விளக்கலங்காரம், சந்தை, தேவாலயம் எல்லாம் 4 மணிக்கு மேல். இந்த இருட்டு சீக்கிரம் வருவதால்தான் விளக்கலங்காரத்துக்கே இவ்வளவு அழகு, அதைச் சாபமாக நினைக்க வேண்டாம்.

படி 2: உடை

பனி கொட்டும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். லண்டனில் டிசம்பரில் பெரும்பாலும் மழைத்தூறலும் ஈரக்காற்றும்தான், பகலில் 5 முதல் 9 டிகிரி வரை இருக்கும். அதனால் தடியான ஒரே ஒரு ஜாக்கெட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது: உள்ளே ஒரு தெர்மல், அதற்குமேல் ஸ்வெட்டர், மேலே நீர் புகாத கோட்டு. கடைக்குள்ளும் டியூப் என்கிற சுரங்க ரயிலிலும் புழுங்கும், அப்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் கோட்டு. ஒவ்வொரு கடைத்தெருவிலும் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சாரிட்டி கடைகள் இருக்கும், நல்ல கம்பளிக் கோட்டு பாதிக்கும் கீழான விலையில் கிடைக்கும். காசு போட வேண்டிய இடம் ஷூ. கால் நனைந்துவிட்டால் அன்றைய நாள் அதோடு முடிந்தது.

படி 3: விளக்குகளைப் பார்க்க ஒரு மாலை நடை

வார நாளாகப் பாருங்கள், திங்கள் அல்லது செவ்வாய். சனிக்கிழமை மாலை ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸில் இறங்கினால் நகரக்கூட முடியாது.

டியூப்பில் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் போய் இறங்கி, ரீஜென்ட் தெரு வழியாகத் தெற்கே நடங்கள். 1954 முதல் அங்கே கிறிஸ்துமஸ் விளக்குப் போடுகிறார்கள். சமீப வருடங்களில் சிறகு விரித்த தேவதைகள் தெருவின் குறுக்கே தலைக்கு மேலே மிதக்கிற மாதிரி இருக்கும், தெரு வளைகிற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். நடுவில் இடதுபக்கம் புகுந்தால் கார்னபி தெரு. பிறகு பிக்காடில்லி, லெஸ்டர் சதுக்கம், கோவென்ட் கார்டன். அங்கே பெரிய மரம் ஒன்று வைத்திருப்பார்கள், பழைய சந்தைக் கூரைக்குக் கீழே தெருப்பாடகர்களும் இருப்பார்கள். நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரம்தான்.

பஸ்ஸுக்கும் டியூப்புக்கும் தனியாக டிக்கெட் வாங்க வேண்டாம், ஆய்ஸ்டர் என்கிற பயணக் கார்டோ கான்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டோ போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்று உச்சவரம்பு இருக்கிறது. பஸ் என்றால் முதல் பஸ்ஸில் கார்டைத் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறுகிற மற்ற பஸ்களுக்குக் காசு கிடையாது. கால் வலித்தால் மாடி பஸ்ஸில் ஏறி மேலே முன்சீட்டில் உட்காருங்கள், விளக்குகள் கண்ணுக்கு நேரே வரும்.

படி 4: டிரஃபால்கர் சதுக்கத்து மரம்

இதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். இந்த நகரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த டிசம்பர்க் காட்சி இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தபோது அந்நாட்டு மன்னர் ஏழாம் ஹோகோன் 1940-இல் லண்டனுக்கு வந்து தஞ்சமடைந்தார், நார்வே அரசும் இங்கிருந்துதான் இயங்கியது. அந்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஒவ்வொரு வருடமும் ஆஸ்லோ நகரம் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை வெட்டி அனுப்புகிறது. 20 மீட்டருக்கு மேல் உயரம் இருக்கும். டிசம்பர் முதல் வியாழக்கிழமை விளக்கேற்றுவார்கள். விளக்குச் சரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டாமல் உச்சியிலிருந்து நேராகக் கீழே தொங்கவிடுவது நார்வே வழக்கம். பக்கத்துக் கடைத்தெரு மரங்களோடு ஒப்பிட்டால் இது எளிமையாகத் தெரியும், மரம் நோஞ்சானாக இருக்கிறது என்று வருடாவருடம் இங்கே குறைசொல்கிறவர்களும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. பெற்ற உதவியை முக்கால் நூற்றாண்டு தாண்டியும் ஒரு நகரம் மறக்காமல் இருக்கிறது, அந்த மரத்தடியில் நிற்கும்போது எனக்கு அதுதான் தோன்றும்.

மாலை நேரங்களில் பாடகர் குழுக்கள் வந்து மரத்தடியில் கேரல் எனும் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடி, தொண்டு அமைப்புகளுக்கு நிதி சேர்ப்பார்கள். பாட்டு தெரியாவிட்டாலும் நின்று கேளுங்கள், சில்லறை இருந்தால் போடுங்கள். குளிர் தாங்கவில்லையா, எதிரிலேயே நேஷனல் காலரி, நுழைவு இலவசம்.

படி 5: மழை நாளுக்கு மாற்று

பிரிட்டிஷ் மியூசியம், நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் இரண்டுமே இலவசம். இரண்டாவதின் முகப்புக் கூடத்தில் 25 மீட்டர் நீலத்திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. ஆனால் டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் இவை மூடியிருக்கும், அதற்கு முன்னால் போய்விடுங்கள்.

கொஞ்சம் காசு செலவழிக்கத் தயார் என்றால் என் தேர்வு பான்டோமைம் நாடகம்தான். பெயரைப் பார்த்து ஊமை நாடகம் என்று நினைக்காதீர்கள், பாட்டும் கூச்சலும் கிண்டலுமாகக் கொட்டகையே அதிரும். ஆண்கள் பெண் வேடம் கட்டுவார்கள், வில்லன் வந்தால் கூட்டம் ‘பூஊஊ’ என்று கேலியாகக் கத்த வேண்டும், நாயகனுக்குப் பின்னால் பேய் வந்தால் ‘உனக்குப் பின்னாடி’ என்று எல்லாரும் சேர்ந்து கூவ வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஹாக்னி எம்பயர் இதற்குப் பேர்போன அரங்கம். ஹைட் பார்க்கில் போடும் விண்டர் வொண்டர்லேண்டைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நம் ஊர்ப் பொருட்காட்சி மாதிரிதான், ராட்டினங்களுக்குக் காசு கரையும், ஒருமுறை சுற்றிப்பார்த்தால் போதும்.

படி 6: சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை

மின்ஸ் பை என்று ஒரு பலகாரம் எங்கு போனாலும் நீட்டுவார்கள். ‘மின்ஸ்’ என்றால் கொத்துக்கறி ஆச்சே என்று பயப்பட வேண்டாம். ஒருகாலத்தில் இறைச்சி போட்டார்கள், இப்போது உள்ளே இருப்பது திராட்சை, ஆப்பிள், மசாலா சேர்த்த இனிப்புப் பூரணம். ஆனாலும் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பார்கள், கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் அப்படித்தான், அதில் பிராந்தியும் இருக்கும். சைவக்காரர்கள் பெட்டியில் ‘வெஜிடேரியன்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 7: 24-ஆம் தேதி

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

டிசம்பர் 25 அன்று லண்டனில் டியூப், பஸ், ரயில் எதுவுமே ஓடாது. குறைத்து ஓடும் என்றில்லை, அடியோடு கிடையாது. பெரிய கடைகளும் திறக்காது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. முதல் வருடம் 25-ஆம் தேதி காலை பாலும் பிரட்டும் வாங்கலாம் என்று போனால் சூப்பர்மார்க்கெட் கதவு சாத்தியிருக்கிறது, தெருவில் ஒரு ஆள் இல்லை. கடைசியில் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை திறந்திருந்தது. கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணர் என்னைப் பார்த்ததும், “தம்பி புதுசோ? இண்டைக்கு ஒண்டும் இராது” என்றவர், பாலுக்குக் காசு வாங்கவில்லை.

எனவே 24-ஆம் தேதி மதியத்துக்குள் இரண்டு நாளைக்கான சாமான் வாங்கிவிடுங்கள், பெரிய கடைகள் அன்று சாயங்காலமே மூடிவிடும். வண்டிகளும் சீக்கிரம் நின்றுவிடும். நள்ளிரவு ஆராதனைக்குப் போக ஆசையிருந்தால் செயின்ட் பால்ஸ் தேவாலயத்துக்குப் போகலாம். சுற்றிப்பார்க்கத்தான் அங்கே கட்டணம், வழிபாட்டுக்கு இல்லை. எந்த மதத்தவராக இருந்தாலும் உள்ளே விடுவார்கள், ஆனால் வரிசை நீளம். திரும்பி வர வண்டி இருக்காது என்பதால், நடுலண்டனில் தங்கியிருக்கும் நண்பர் வீட்டில் அன்றிரவு படுத்துக்கொள்ள இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். ஈஸ்ட் ஹாம், ஹாரோ மாதிரி நடுலண்டனிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அடுத்த படிக்கும் இதுதான் வழி.

படி 8: 25-ஆம் தேதி, நடக்கிற நாள்

வண்டி ஓடாத லண்டனைப் பார்க்க வருடத்தில் இந்த ஒரு நாள்தான் வாய்ப்பு. அதைத் தூங்கிக் கழிக்காதீர்கள்.

காலை 9 மணிக்கு ஹைட் பார்க்கின் செர்பென்டைன் ஏரிக்குப் போங்கள். 1864-இல் தொடங்கிய நீச்சல் சங்கம் ஒன்று கிறிஸ்துமஸ் காலையில் அங்கே 100 கெஜ நீச்சல் போட்டி நடத்துகிறது. பீட்டர் பான் கோப்பை என்று பெயர். சங்க உறுப்பினர்கள் மட்டும்தான் இறங்கலாம், நாம் கரையில் நிற்கலாம். நாம் மூன்று அடுக்கு போட்டுக்கொண்டு நடுங்கும்போது, தலை நரைத்தவர்கள் நீச்சலுடையில் சிரித்துக்கொண்டே தண்ணீரில் குதிப்பார்கள்.

அங்கிருந்து பிக்காடில்லி, டிரஃபால்கர் சதுக்கம், ஒயிட்ஹால் வழியாக வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வந்து, தேம்ஸின் தென்கரையைப் பிடித்து டவர் பாலம் வரை நடங்கள். கரையோரப் பகுதி மட்டும் சுமார் 4 கிலோமீட்டர், மொத்த நடைக்கு இடையிடையே உட்கார்ந்து போனால் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மற்ற நாட்களில் தோளோடு தோள் இடிக்கிற இடங்கள் அன்று அமைதியாகக் கிடக்கும், ஆற்றுத் தண்ணீர் படிக்கட்டில் மோதுகிற சத்தம்கூடக் கேட்கும். எதிரே வருகிற முன்பின் தெரியாதவர்கள் ‘மெரி கிறிஸ்துமஸ்’ சொல்லிவிட்டுப் போவார்கள், நீங்களும் சொல்லுங்கள். பிளாஸ்க்கில் டீயும், கையில் புளிசாதமோ சாண்ட்விச்சோ அவசியம், திறந்திருக்கும் கடையை நம்பிப் போக முடியாது. கழிப்பறையும் அப்படித்தான், கிளம்பும்போதே போய்விட்டு வாருங்கள்.

யாராவது மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள், நடையை 26-க்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டி சாக்லேட்டோ பூவோ கொண்டுபோங்கள். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவர்களுக்கும் வசதி. தட்டுக்குப் பக்கத்தில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு குழல் இருக்கும், கிராக்கர் என்பார்கள். ஒரு முனையை நீங்கள் பிடித்து, மறுமுனையைப் பக்கத்தில் இருப்பவர் இழுத்தால் படக்கென்று வெடித்து உள்ளிருந்து காகிதக் கிரீடம் விழும். அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், தாத்தா பாட்டியும் வைத்திருப்பார்கள். 3 மணிக்கு மன்னரின் உரை தொலைக்காட்சியில் வரும், சில வீடுகளில் அதைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

படி 9: புத்தாண்டு

26-ஆம் தேதி பாக்சிங் டே, கடைகளில் தள்ளுபடி தொடங்கும். கோட்டு வாங்காதவர்கள் அன்று வாங்கலாம்.

31 இரவு லண்டன் ஐ என்கிற ஆற்றங்கரை ராட்சத ராட்டினத்துக்குப் பக்கத்தில் நடக்கும் வாணவேடிக்கைக்கு 2014 முதல் டிக்கெட் வேண்டும், அதுவும் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஆற்றங்கரைக்குப் போய் முட்டிமோத வேண்டாம், தடுப்புப் போட்டுத் திருப்பிவிடுவார்கள். ஹாம்ஸ்டெட் ஹீத்தில் உள்ள பார்லிமென்ட் ஹில் மேட்டுக்குப் போங்கள். தூரத்தில்தான் தெரியும், ஆனால் நகரம் முழுவதும் காலடியில் விரிந்திருக்கும், ஆங்காங்கே வீடுகளில் விடுகிற வாணங்களும் சேர்ந்து தெரியும். அந்த இரவு டியூப் விடியவிடிய ஓடும்.

ஜனவரி 1 மதியம் பிக்காடில்லியில் புத்தாண்டு அணிவகுப்பு, நடைபாதையில் நின்று பார்க்கக் காசில்லை. அதற்கு முன்னால் காலையில் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போய்வரலாம். மார்கழி மாதம் என்பதால் திருவெம்பாவை காதில் விழுந்தாலும் விழும், வீட்டு ஞாபகம் வந்து கண் கலங்கினால் பரவாயில்லை, அங்கே இருக்கிற பாதிப்பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் ஒன்று. ஜனவரி 5-ஐ ஒட்டி டிரஃபால்கர் சதுக்கத்து மரத்தை இறக்கிவிடுவார்கள். இன்னும் பார்க்காமல் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு மாலை போய்விட்டு வாருங்கள், புத்தாண்டு கழிந்தபின் அங்கே கூட்டமே இருக்காது, மரத்துக்குக் கிட்டே போய் நிற்கலாம்.