பிரேக் பைப் மாத்தின பிறகு வீட்டுலயே காத்து எடுக்குறது எப்படி

முதல்ல இடம். சிங்கப்பூர்ல எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) கார்பார்க்ல வண்டி ரிப்பேர் பண்ணக் கூடாது, அதனால லேண்டட் வீட்டு (தனி வீட்டு) போர்ச் கிடைச்சா மட்டும் இதுல இறங்குங்க. சமதளமா இருக்கணும், ஜாக்கியை மட்டும் நம்பி கீழ போகாதீங்க, ஆக்ஸில் ஸ்டாண்டு கட்டாயம்.

சிஓஇ (வண்டி வச்சிருக்குறதுக்கான உரிமம்) புதுப்பிச்சு ஓட்டுற பழைய வண்டிங்கள்ல, கிளிப் மாட்டுற இடத்துல ஈரம் தங்கி இரும்பு பைப் துருப்பிடிக்கும். பைப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே ஒரு வேலை செஞ்சா பின்னாடி பாதி கஷ்டம் குறையும்: பெடலை ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டை முட்டுக் கொடுத்துடுங்க. மாஸ்டர் சிலிண்டர்ல (பெடல் தள்ளுற பம்ப்) ரிசர்வாயர்லேந்து (பிரேக் ஆயில் டப்பா) ஆயில் வர்ற ஓட்டை மூடிக்கும், பைப் திறந்து கிடந்தாலும் மேல இருக்குற ஆயில் அவ்வளவா வடியாது. அப்படியே விட்டா பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பேட்டரி வயரைக் கழட்டிடுங்க.

ஆயில் புது பாட்டில்தான் வாங்கணும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர் புழுக்கத்துக்குக் கேக்கவே வேணாம். டாட் 4ங்கிற வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரில கொதிக்கும், ஈரம் ஏறிட்டா 155 வரைக்கும் இறங்கிடலாம், அதனால போன வருஷம் திறந்து வச்ச பாதி பாட்டில் வேணாம். ரிசர்வாயர் மூடில என்ன எழுதியிருக்கோ அதையே ஊத்துங்க, டாட் 5 சிலிகான், அதை இதோட கலக்கவே கூடாது.

புது பைப் மாட்டியாச்சுன்னா பெடல்ல முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்துட்டு, இப்ப காத்து எடுக்கலாம். நிப்பிள்ல (சக்கரத்து பிரேக்ல காத்து வெளிய விடுற திருகு) கண்ணாடி மாதிரி தெரியுற டியூபை மாட்டி, மறுமுனையை கொஞ்சம் ஆயில் ஊத்துன பாட்டில்ல முங்க விடுங்க. உள்ள ஒருத்தர் உக்காரணும், தம்பியோ மனைவியோ. "மிதி"ன்னு சொல்லுங்க, அவங்க மெதுவா மிதிச்சு "மிதிச்சாச்சு"ன்னு சொல்லணும், நீங்க நிப்பிளை அரை சுத்து திறக்கணும், பெடல் இறங்கும், நிப்பிளை மூடிட்டு அப்புறம்தான் "விடு"ன்னு சொல்லணும், மூடுறதுக்கு முன்னாடி காலை எடுத்துட்டா வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும். பழைய வண்டியா இருந்தா பெடலுக்கு அடியில ஒரு மரத்துண்டு வைங்க, தரை வரைக்கும் போனா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள துரு பிடிச்ச பகுதில சீல் உரசி கெட்டுப்போகலாம்.

அஞ்சாறு தடவைக்கு ஒருதரம் ரிசர்வாயரைப் பாருங்க. இந்த வேலைல இதுதான் உயிர். அது காலியாச்சுன்னா எல்லாமே முதல்லேந்து, ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போயிட்டா ஸ்கேனர் போட்டு பம்பை ஓட்டித்தான் எடுக்க வேண்டி வரும். காக்கி புக்கிட்லயோ சின் மிங்லயோ வொர்க்ஷாப் இருக்கு, ஆனா பஞ்சு மாதிரி இறங்குற பெடலோட ஓட்டிக்கிட்டு போகாதீங்க, டோ பண்ணிடுங்க.

ரிசர்வாயர் காலியாகாம இருந்து ஒரு சக்கரத்து பைப் மட்டும் மாத்தியிருந்தா பெரும்பாலும் அந்த சக்கரம் போதும். எல்லாம்னா, நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம், அதனால பொதுவா பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலதுன்னு போவாங்க, சில வண்டிக்கு வரிசை வேற, மேனுவலைப் பாத்துக்குங்க.

குமிழி நின்னு பெடல் கெட்டியானதும் முடிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க, புது பைப்போட நட்டுதான் முக்கியம். சிந்தின ஆயிலை தண்ணி ஊத்திக் கழுவுங்க, பெயிண்ட்ல பட்டா உரிச்சுடும். ஜாயிண்டை நல்லா துடைச்சு காயவச்சுட்டு, உள்ள இருக்குறவங்க ஒரு நிமிஷம் பலமா மிதிச்சுப் பிடிக்கட்டும், புது டிஷ்யூவை நட்டைச் சுத்தி வச்சுப் பாருங்க. லேசா ஈரம் பட்டாலும் ஃபிளேர் (பைப்போட விரிச்ச நுனி) சரியில்ல, நட்டை இன்னும் முறுக்கி சமாளிக்காம பைப்பை மறுபடி செய்யுங்க.

காலை பெடல்ல வச்சபடியே இன்ஜினைப் போட்டா பெடல் கொஞ்சம் இறங்கும், அது பூஸ்டர் (மிதிக்கிற பலத்தைக் கூட்டுற பகுதி) வேலை செய்யுறது. மிதிக்க மிதிக்க கீழ போயிட்டே இருந்தா லீக்கோ காத்தோ இருக்கு, வண்டியை எடுக்காதீங்க. எல்லாம் சரின்னா போர்ச்சுக்குள்ளயே முன்ன பின்ன நகத்தி பிரேக் பிடிச்சுப் பாருங்க. எடுத்த ஆயிலை சாக்கடைல ஊத்தாம பாட்டில்ல மூடி வொர்க்ஷாப்ல கொடுத்துடுங்க, மறுநாள் காலைல ரிசர்வாயர் லெவலையும் அந்த நட்டையும் இன்னொரு தடவை பாத்துட்டு ரோட்டுல இறக்குங்க.