நாகப்பட்டினத்துப் பௌத்தத்தை ஆய்ந்து பொதுவாசகருக்கு எழுதுவது எப்படி

நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்தப் பள்ளியான சூளாமணி விகாரத்தைப் பற்றி எழுத விரும்புபவர், பிறர் எழுதிய சுருக்கங்களை ஒதுக்கிவிட்டு, முதலில் அவ்விகாரத்துக்குச் சோழர் அளித்த கொடையைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டின் பதிப்பைப் படிக்க வேண்டும். 21 ஏடுகள் கொண்ட அந்தச் சாசனத்தில் 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் உள்ளன. இரண்டையும் தனித்தனியே குறிப்பெடுத்த பின்னரே ஒப்பிட வேண்டும். ஏனெனில், இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை விகாரத்துக்கு அளித்த செய்தியைக் கூறும் தமிழ்ப் பகுதி, விகாரத்தை எடுப்பிப்பவனாகக் கடாரத்து (மலாய்த் தீபகற்பத்திலுள்ள கெடா) அரசன் சூளாமணிவர்மனைக் குறிக்க, இராசேந்திரன் காலத்தில் எழுதப்பட்ட வடமொழிப் பகுதியோ, சூளாமணிவர்மனின் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் தந்தையின் பெயரால் அதனைக் கட்டினான் என்கிறது. தந்தை தொடங்கியதை மகன் முடித்தான் என்பது ஏற்கத்தக்க முடிவுதான். ஆயினும் அது ஊகம் என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் படிமங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்து, பீடங்களிலுள்ள எழுத்துகளையும் கவனிக்க வேண்டும்.

மணிமேகலையைப் பௌத்தக் கருத்துகளுக்கும் தருக்கத்துக்கும் சான்றாகக் கொள்ளலாமே தவிர, இவ்விகாரத்தின் வரலாற்றுக்குச் சான்றாக்குவது பிழையாகும்.

எழுதும்போது ஒவ்வொரு செய்தியும் சாசனத்தின் எப்பகுதியில் உள்ளது என்பதைச் சொற்றொடரிலேயே குறித்துவிட்டால், ஐயமுறும் வாசகர் தாமே மூலத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்வார்.