249 கிராம் ட்ரோனோடு வெளிநாடு போகிறவர்களுக்கு

"இருநூத்தம்பது கிராமுக்குள்ள இருந்தா எங்கேயும் பிரச்சினையே இல்ல." ட்ரோன் விற்கிறவர்கள், யூடியூபில் பயண வீடியோ போடுகிறவர்கள், எல்லோரும் சொல்வது இதுதான். டிஜேஐ என்ற சீன நிறுவனத்தின் மினி வகை ட்ரோன்கள் 249 கிராமில் வந்து நிற்பதே இந்தக் கணக்குக்காகத்தான், அதனால் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் அந்த 250 என்பது சில நாடுகளில் பதிவு தேவையா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கோடு, அவ்வளவுதான். நாட்டுக்குள் கொண்டுவரலாமா, கேமரா இருந்தால் என்ன, எந்த இடத்தில் பறக்கவிடலாம் என்பதெல்லாம் வேறு கேள்விகள், அவற்றுக்குப் பதில் சொல்கிற அலுவலகங்களும் வேறு வேறு. எடையை மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டாதீர்கள்.

முதலில், உள்ளே விடுவார்களா என்று பாருங்கள். பறக்கவிடும் விதியெல்லாம் அப்புறம். மொராக்கோவில் 2015 முதல் முன் அனுமதி இல்லாமல் ட்ரோனைக் கொண்டுவரவே முடியாது, விமான நிலையத்தில் பை ஸ்கேன் ஆகும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். எகிப்து இன்னும் கடுமை. 2017இல் வந்த சட்டப்படி பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் ட்ரோனை வைத்திருப்பதே குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். பிரமிடைப் பார்க்கப் போகிறவர்கள் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரியில் அபுதாபி மீது நடந்த ட்ரோன் தாக்குதலுக்குப் பிறகு பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுவதை மொத்தமாக நிறுத்தினார்கள்; 2024 இறுதியிலிருந்துதான் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கினார்கள், அதுவும் பதிவு, அனுமதி என்ற நிபந்தனைகளோடு. நீங்கள் போவது வேறு நாடாக இருந்து, வழியில் ஒரு நாள் இறங்கி ஊர் சுற்றிவிட்டு அடுத்த விமானம் பிடிப்பதாக இருந்தால், இறங்குகிற அந்த நாட்டுச் சட்டமும் உங்கள் பைக்குப் பொருந்தும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

விதி ஒரே இரவில் மாறும் என்பதற்கு நல்ல உதாரணம் தாய்லாந்து. அங்கே சாதாரண நாளிலேயே, கேமரா இருந்தால் எடை எவ்வளவாக இருந்தாலும் பதிவு வேண்டும். ரேடியோ அலைவரிசைக்காக என்பிடிசி என்ற ஆணையத்திடம் ஒன்று, விமானப் போக்குவரத்து அமைப்பிடம் ஒன்று என இரண்டு பதிவுகள், கூடவே குறைந்தது 10 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) அளவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு. இதையெல்லாம் ஒழுங்காக முடித்தவர்களும் 2025 ஜூலை இறுதியில் கம்போடியா எல்லையில் சண்டை மூண்டபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது, ஏனென்றால் நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை போட்டுவிட்டார்கள். இலங்கையிலும் 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இப்படித்தான் நிறுத்தினார்கள். ஆகவே போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதையோ, பழைய பதிவு ஒன்றில் படித்ததையோ நம்பாமல், அந்த நாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தளத்தை டிக்கெட் போடும்போது ஒரு தடவை, கிளம்புவதற்கு முந்தைய வாரம் இன்னொரு தடவை பாருங்கள். தளத்தில் புரியவில்லை என்றால் மின்னஞ்சல் போடுங்கள். பதில் வந்தால் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ்காரரிடம் காட்ட அதைவிட நல்ல காகிதம் கிடையாது.

சரி, எடைக்கு வருவோம். ஜப்பானில் கோடு 100 கிராம். 2022 ஜூன் 20 முதல் 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள எல்லா ட்ரோன்களுக்கும் பதிவு கட்டாயம், பறக்கும்போதே ட்ரோனின் அடையாளத்தை ரேடியோ அலையில் அறிவிக்கும் ரிமோட் ஐடியும் வேண்டும். அதாவது நம்ம ஊர் விதியில் நானோ என்ற மிகச் சின்ன வகையாக ஜாலியாகச் சுற்றும் 249 கிராம் ட்ரோன், டோக்கியோவில் இறங்கியதும் முழுச் சட்டத்துக்கும் உட்பட்ட விமானம் ஆகிவிடுகிறது. மக்கள் நெருக்கமாக வசிக்கும் பகுதி என்று அரசு வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும் இடங்களில் தனி அனுமதி இல்லாமல் முடியாது. மக்களிடமிருந்தும் கட்டடங்களிலிருந்தும் 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரவில் கூடாது, 150 மீட்டருக்கு மேல் கூடாது. சகுரா என்ற செர்ரிப் பூக்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை, நகரங்களை மறந்துவிடுங்கள், கிராமப்பக்கம் போகும் திட்டம் இருந்தால் மட்டும் பதிவுக்கு மெனக்கெடுங்கள். பிரிட்டனும் 2026 ஜனவரி முதல் 100 கிராமுக்கு இறங்கிவிட்டது: அதற்கு மேல் என்றால் ஆன்லைன் தேர்வு எழுதி, பறக்கவிடுகிறவருக்கான ஃப்ளையர் ஐடி வாங்க வேண்டும், கேமராவும் இருந்தால் ட்ரோனுக்குப் பொறுப்பானவருக்கான ஆபரேட்டர் ஐடியும் சேர்த்து.

ஐரோப்பா பார்க்கச் சிக்கலாகத் தெரியும், ஆனால் ஒருமுறை புரிந்துவிட்டால் மற்ற நாடுகளைவிட எளிது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் தான் முதலில் பறக்கவிடப்போகும் நாட்டில் ஆபரேட்டராகப் பதிவு செய்தால் போதும், அது மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். பாரிஸில் இறங்கி மிலன் வழியாகத் திரும்பும் பயணத்துக்கு இரண்டு பதிவு தேவையில்லை, இரண்டு நாட்டில் பதிவு செய்யவும் கூடாது. பதிவு ட்ரோனுக்கு அல்ல, உங்களுக்கு. வரும் எண்ணை ட்ரோனில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும், அது பொம்மை வகை இல்லை, கேமரா இருக்கிறது என்றால் பதிவு வேண்டும். நம்ம ஆட்கள் வழுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். 250 கிராமுக்குமேல் போனால் 40 கேள்விகள் கொண்ட ஆன்லைன் தேர்வும் உண்டு, 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. உயரம் 120 மீட்டர், கண் பார்வையிலேயே ட்ரோன் இருக்க வேண்டும், கூட்டத்தின் தலைக்கு மேல் கூடவே கூடாது. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2023 ஜனவரி 1 முதல் இதே விதிகளைத்தான் பின்பற்றுகிறது.

ஆனால் இந்தப் பொது விதிக்குமேல் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கும். ஜெர்மனியில் எவ்வளவு சின்ன ட்ரோனாக இருந்தாலும் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடு கட்டாயம். பிரான்ஸில் ஊர், நகரப் பகுதிகளின் பொது இடங்களுக்கு மேல் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட முடியாது, ஆகவே ஈஃபில் கோபுரத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு என்ற கனவை இப்போதே விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் 250 கிராம் கணக்கு ஓரளவு உதவும். பொழுதுபோக்குக்கு மட்டும் என்றால் அதற்குக் கீழே பதிவும் ரிமோட் ஐடியும் வேண்டாம். ஆனால் டிரஸ்ட் என்ற இலவச ஆன்லைன் தேர்வை எடைப் பாகுபாடின்றி எல்லோரும் முடித்திருக்க வேண்டும், சான்றிதழைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் நகரில் ரீகன் விமான நிலையத்தைச் சுற்றி 15 மைல் வரை பறக்கவிட முடியாது. கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் 2014 முதலே தடை. அங்கே வானத்தை ஆள்வது எஃப்ஏஏ என்ற விமானத் துறை என்றாலும், நீங்கள் நிற்கும் தரையை ஆள்வது பூங்காத் துறை. விமானத் துறை ஓகே சொன்னாலும் தரைக்குச் சொந்தக்காரர் வேண்டாம் என்று சொல்லலாம் என்ற இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் 250 கிராமுக்குமேல்தான் பதிவு, ஆனால் 200 அடிக்கு மேலேயோ, எந்த விமானத்தளத்துக்கும் 5 கிலோமீட்டருக்குள்ளோ அனுமதி இல்லாமல் போகக்கூடாது, அதற்குச் சின்ன ட்ரோனும் விலக்கில்லை. சாங்கி, செலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஐந்து தளங்களையும் சுற்றி வட்டம் போட்டுப் பாருங்கள், அந்தச் சின்னத் தீவில் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும்.

டிஜேஐ செயலி தடுக்கவில்லையே, அப்படியானால் இங்கே பறக்கவிடலாம்தானே என்று நினைக்காதீர்கள். முன்பு தடைப் பகுதியில் மோட்டாரே சுற்றாது. அந்த நிறுவனம் 2024இல் ஐரோப்பாவிலும் 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் தானாகத் தடுப்பதை எடுத்துவிட்டு, எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. இப்போது மேலே எழும்பும், பிடிபட்டால் பொறுப்பு உங்களுடையது. அந்தந்த நாட்டு அரசின் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மினி வரிசைக்குக் கிடைக்கும் பெரிய 'ப்ளஸ்' பேட்டரியைப் போட்டால் எடை 250ஐத் தாண்டிவிடும். பதிவு வேண்டாம் என்று நினைத்துப் போகிற பயணத்தில் அதை எடுத்துப் போகாதீர்கள்.

பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், உதிரி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். 100 வாட்-அவர் வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை கேட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர் வரும்: மினி 4 ப்ரோவின் சாதாரண பேட்டரி 7.32 வோல்ட், 2590 மில்லி ஆம்பியர்-அவர், ஆக சுமார் 19. கவலையே இல்லை. முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டால் செக்யூரிட்டியில் பேச்சுக் குறையும்.

கடைசியாக, திரும்பி வருவது. இந்தியா 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டில் செய்த முழு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது. தடை என்றால் வரி கட்டி எடுத்து வரலாம் என்ற பொருள் இல்லை, கொண்டுவரவே கூடாது. இங்கிருந்து கொண்டுபோன உங்கள் சொந்த ட்ரோனே திரும்பும்போது மாட்டிக்கொள்ளலாம். அதனால் கிளம்பும் நாளில் செக்-இன் முன்னாலேயே கஸ்டம்ஸ் மேசைக்குப் போய், பில்லையும் சீரியல் நம்பரையும் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போனாலும் தப்பில்லை. சிங்கப்பூர் முஸ்தபா கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே வாங்கி வருவதோ, துபாயிலிருந்து லீவுக்கு வரும் மச்சானிடம் ஒன்று எடுத்துவரச் சொல்வதோ வேண்டாம், சென்னையில் பெட்டி ஸ்கேன் ஆகும்போது பதில் சொல்லப்போவது அவர்தான்.