விசா மறுக்கப்பட்ட வாரத்தில் செபிப்பது எப்படி

கடிதம் வந்த அன்றே "எல்லாம் தேவ சித்தம்" என்று வாயை மூடிவிடாதீர்கள். விழுங்கிய துக்கம் பிறகு வீட்டாரில் கோபமாகப் பாயும். முதலில் முறையிடுங்கள். ஏழு நாளும் பின்னேரச் செபத்தில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டும் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கின்றன. அங்கே நிறுத்தி, போனது எதுவென்று ஆண்டவரிடம் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ஐந்தாம் வசனம் நம்பிக்கைக்குத் திரும்பும். மனம் கூட வராவிட்டால் வாசித்தால் போதும், நடிக்க வேண்டாம்.

பிறகு ஒரு கொப்பியில் மாறாதது ஒரு பக்கம், செய்யக்கூடியது மறுபக்கம். மேன்முறையீட்டுக்கு இடமிருந்தால் அதன் கடைசித் திகதியை அங்கே எழுதுங்கள். விசுவாசம் அலுவலைக் கைவிடச் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிய, 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு இடம்பெயர்ந்த மூத்தவர் ஒருவரோடு கதையுங்கள். புத்தி சொல்லமுதல் கேட்கத் தெரிந்தவராகப் பாருங்கள்.