செம்பனை வெறுங்குலைய கரியாக்கும்போது கேட்டலிஸ்ட் என்ன பண்ணுது, வீட்டுலயே பாக்கலாம்

நம்ம மலேசியா சுங்கை சிப்புட் பக்கம், எண்ணெ மில்லுல பழத்த உதுத்துட்டு தள்ளுற செம்பனை (எண்ணெய்ப்பனை) வெறுங்குலைய வச்சே பிள்ளைங்க அருமையா ஒரு சயின்ஸ் ப்ராஜெக்ட் செய்யலாம். எல்லாரும் கேக்குறது கேட்டலிஸ்ட் (வினையூக்கி, தான் தீந்து போகாம வினைய வேகமாக்குற பொருள்) எங்க வாங்குறதுன்னு. வாங்கவே வேணாம், குலைக்குள்ளயே இருக்கு. காஞ்ச குலையில சுமார் 5 சதவீதம் சாம்பல், அதுல நெறைய பொட்டாசியம், அதுதான் கேட்டலிஸ்ட்.

குலை நாருல முக்கியமா மூணு பொருள் இருக்கு. காத்து படாம சூடாக்குனா அதுல ஹெமிசெல்லுலோஸ் 220லருந்து 315 டிகிரி செல்சியஸுக்குள்ள, செல்லுலோஸ் 315லருந்து 400க்குள்ள உடையும், லிக்னின் மெதுவா கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டே போகும். பொட்டாசியம் இருந்தா செல்லுலோஸ் இன்னும் கம்மி சூட்டுலயே உடைய ஆரம்பிச்சிடும், தாரா போக வேண்டியதுல ஒரு பங்கு கரியாவும் தண்ணியாவும் கேஸாவும் மாறிடும்.

குலை நார சின்னதா வெட்டி நல்லா கலந்து ரெண்டா பிரிங்க. ஒன்ன அப்படியே வைங்க. இன்னொன்ன மழைத்தண்ணில ஊறவச்சு, டீ கலர்ல எறங்குற தண்ணி தெளியுற வரைக்கும் மாத்திக்கிட்டே இருங்க (அந்த தண்ணிய வாழைக்கு ஊத்துங்க, பொட்டாசியம் அதுலதான் போவுது). ரெண்டையும் மொறுமொறுன்னு காயவச்சு சமமா எடை போட்டு, மூடி உள்ள பழைய மைலோ டின்னுல அடைச்சு, மூடியில ஆணியால ஒரே ஒரு ஓட்டை போடுங்க. ஓட்டை கட்டாயம் வேணும், இல்லன்னா டின் வெடிக்கும்.

ரெண்டு டின்னையும் ஒரே கரியடுப்புல ஒண்ணா வைங்க, சூடு வேகமா ஏறுனாலே கரி கொறையும், தனித்தனியா செஞ்சா கேட்டலிஸ்ட் வேலையா சூட்டோட வேலையான்னு பிரிச்சு சொல்ல முடியாது. மொதல்ல வெள்ளையா ஆவி, அப்புறம் மஞ்சளும் பழுப்புமா கெட்டிப்புகை, அது பத்திக்கும், அதுல கார்பன் மோனாக்சைடும் இருக்கு, அதனால வெளியில மட்டும், பெரியவங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும் செய்யுங்க. புகை நின்னதும் டின்ன இடுக்கியால எறக்கி ஓட்டைய ஈரமண்ணால அடைச்சிடுங்க. முழுசா ஆறாம தெறந்தா கரி தானா பத்திக்கும்.

இப்ப எடை போடுங்க. கழுவாததுல கரி அதிகமா இருக்கும், கழுவுனதோட மூடிக்கு அடியில பிசுபிசுன்னு தார் அதிகமா ஒட்டியிருக்கும். ஆனா ஒன்னு, கழுவாத 100 கிராம் குலையில சுமார் 5 கிராம் வெறும் சாம்பல், அது கரியோட எடையில சேந்து வரும், அத கழிச்ச பிறகும் வித்தியாசம் நின்னாத்தான் அது கேட்டலிஸ்ட் வேலை. இந்த கழிக்கிற கணக்க ப்ராஜெக்ட் புக்குல கட்டாயம் எழுதுங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

ஜியோலைட் (நுண்துளை நெறஞ்ச ஒரு கனிமம், இதுவும் ஒரு கேட்டலிஸ்ட்) பத்தியும் கேக்குறாங்க. அத பெரும்பாலும் ஆவி போற வழியில வைப்பாங்க, அதோட நுண்துளைக்குள்ள நுழையுற ஆவிலருந்து ஆக்சிஜன் தண்ணியாவும் கார்பன் டைஆக்சைடாவும் பிரிஞ்சு போயிடும், ஆனா துளையெல்லாம் கரி அடைச்சிக்கும், காத்து விட்டு எரிச்சுத்தான் சுத்தம் பண்ணணும். ஜியோலைட் வழியா போற ஆவில பென்சீன் வரும், கேன்சர் வரவைக்கிற சாமான், புகை இழுக்குற வசதி உள்ள லேப்ல தவிர வேற எங்கயும் தொடாதீங்க.