கூலன்டில் அடிட்டிவ் ஊற்றினால் இன்ஜின் சூடு குறையுமா? எப்போது, எப்படி ஊற்றுவது

மே மாதம் கொல்லிமலை ஏறும்போது, 70 கொண்டை ஊசி வளைவில் பாதி கூடத் தாண்டாத நேரத்தில் டெம்பரேச்சர் முள் மேலே நகர ஆரம்பித்தால் வயிற்றில் புளி கரைக்கும். ஊர் திரும்பியதும் பலரும் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், சூடு குறைக்க ஏதாவது பாட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் குறையவில்லை. பிறகு தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடான பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியைக் கழற்றிப் பார்த்தால், வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் படியுமே, அதே வெள்ளைப் படிவு உள்ளே அப்பியிருந்தது. முன்பு சர்வீஸ் செய்த இடத்தில் கூலன்ட் குறைந்தபோதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். அந்தப் படிவுக்கு மேல் எந்த அடிட்டிவ் ஊற்றினாலும் பணம்தான் வீண்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சட்டென்று ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும், பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப் படலம் ஒன்று இருப்பதால் சூடு தண்ணீருக்குள் இறங்குவதில்லை. சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடங்களிலும் இதே தொல்லை உண்டு. அங்கே கூலன்ட் சிறுசிறு குமிழியாகக் கொதித்து, குமிழிகள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் சூடு வெளியேற முடியாது. வாட்டர் வெட்டர் போன்ற அடிட்டிவ் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, அதனால் குமிழிகள் சீக்கிரம் பிரிந்துபோய் தண்ணீர் உலோகத்தை நன்றாகத் தொடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஓடாத ஃபேனை அது ஓட வைக்காது, அடைத்த ரேடியேட்டரைத் திறக்காது.

இது அதிகம் புழங்குவது ரேஸ் வண்டிகளில். கூலன்டில் தண்ணீரோடு கலந்திருக்கும் கிளைக்கால் என்ற திரவம் தரையில் சிந்தினால் வழுக்கும் என்பதால் பல ரேஸ் டிராக்குகளில் அதற்குத் தடை, வெறும் தண்ணீரோடு இதைக் கலந்துதான் ஓட்டுவார்கள். இத்தனை டிகிரி குறையும் என்று பாட்டிலில் போட்டிருக்கும் பெரிய எண்கள் பெரும்பாலும் வெறும் தண்ணீரில் கிடைப்பவை. நம் வண்டியில் கிளைக்கால் கலந்த கூலன்ட் இருப்பதால் பலன் குறைவு. என் வண்டியில் எல்லாம் சுத்தம் செய்து புதிதாக நிரப்பிய பிறகு, அதே ஏற்றத்தில் 3 டிகிரி குறைந்தது. அப்புறம், 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினை எந்தப் பாட்டிலாலும் 70க்கு இறக்க முடியாது, இறக்கவும் கூடாது.

டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது ஒரு பெரிய வீச்சுக்குள் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்திருப்பார்கள், அது நகரும்போது ஏற்கெனவே தாமதம். வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல் படிக்கும் மலிவான ஓபிடி புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் போனிலேயே கூலன்ட் டிகிரி தெரியும். அடிட்டிவ் ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் அதே சாலை, அதே நேரம், ஏசி போட்டபடி ஓட்டிக் குறித்துவையுங்கள்.

அடுத்தது சோதனை. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் இருக்கும், இரண்டுக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும், உள்பக்கத்திலிருந்து மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று (பார் கணக்கில் அழுத்தம்) அச்சிட்டிருக்கும், அது உங்கள் வண்டிக்கு உரிய எண்தானா, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். இந்த மூடியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் அழுத்தம் நின்றால்தான் கொதிநிலை உயரும்: பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும், 15 பிஎஸ்ஐ (சுமார் 1 பார்) மூடிக்குள் 129 வரை தாங்கும். கூலன்ட் அடிக்கடி குறைகிறது, வெளியே ஒழுகல் தெரியவில்லை, ரிசர்வாயரில் குமிழி வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) சந்தேகப்பட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

இதெல்லாம் சரி என்றால் மாற்றலாம். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், இதில் விளையாட்டே வேண்டாம். அடியில் டிரெய்ன் பிளக்கைத் திறந்து பழைய கூலன்டை ஒரு தட்டில் பிடியுங்கள். டிஸ்டில்ட் தண்ணீர் நிரப்பி, ஹீட்டரைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, ஆறிய பிறகு வடியுங்கள். வருகிற தண்ணீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள், எனக்கு நான்கு முறை ஆனது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும், குழாய்த் தண்ணீர் ஆகாது.

கலவை விகிதம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் அதிகச் சூட்டைச் சுமக்கும். 50 சதவீதக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, நமக்கு ஊட்டிப் பனிக்கு அவ்வளவு தேவையே இல்லை. சில கம்பெனிகளின் மேனுவலிலேயே வெப்பமான இடங்களுக்கு 30 சதவீதம் போதும் என்று இருக்கும், உங்கள் மேனுவலைப் பாருங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள், அலுமினியத்தை அரிக்காமல் காப்பதும் அந்தக் கூலன்ட்தான். நிறத்தை வைத்து வாங்க வேண்டாம், பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வெவ்வேறு வகை கலந்தால் கூழாகிவிடலாம். ரெடி மிக்ஸ் என்றால் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

அடிட்டிவை உங்கள் சிஸ்டம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்த்து அளந்து ஊற்றுங்கள். சின்ன கார்களில் 4 முதல் 6 லிட்டர்தான் பிடிக்கும், பல பாட்டில்கள் அதைவிடப் பெரிய சிஸ்டத்துக்கானவை. முழு பாட்டிலையும் கவிழ்த்தால் குளிர்ச்சி கூடாது, நுரைதான் கிளம்பும். பிறகு காற்றை எடுக்க வேண்டும்: வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும், மூடியைத் திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜின் இன்னும் லேசான சூட்டில் இருக்கும்போதே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குளுக் குளுக் என்று குமிழி வெளியேறி மட்டம் இறங்கும், ஊற்றி நிரப்புங்கள். குமிழி நின்றதும், தளும்பி வருவதற்கு முன் மூடிவிடுங்கள்.

ஒழுகலை அடைக்கும் பொடியும் இதுவும் ஒன்றல்ல. லாரிக்காரர்கள் அவசரத்துக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவார்களே, அது ஊர் வந்து சேர்வதற்கான வழி மட்டும். அதை அப்படியே விட்டால் மெல்லிய குழாய்கள் அடைத்து, சூடு முன்பைவிடக் கூடும்.

மலையில் சூடு ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், சின்ன கியரில் ஏறுங்கள், அப்போதுதான் வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும். அப்படியும் ஏறினால் ஓரங்கட்டிவிடுங்கள்.

பழைய கூலன்டை வாசலில் கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.