பாட வீடியோ: ஒரு மணி நேரத்தை ஒரே கோப்பாக ஏற்றாதீர்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரே பெஞ்சில் தமிழ் பேசும் பிள்ளையும் மலையாளம் பேசும் பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் பாதிதான் புரிந்தது என்றாலும் வீட்டுக்குப் போய் இன்னொரு முறை போட்டுக் கேட்கலாம். பாட வீடியோவின் பெரிய பயனே அதுதான். அதனால்தான், புதிதாக வீடியோ போடும் ஆசிரியர்கள் நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறுகளையே செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. மைக்கை அணைத்துவிட்டுப் பேசுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டாம் நாளே தானாகச் சரியாகிவிடும்.

ஒரே நீளக் கோப்பு

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் லென்ஸ் பாடத்தை 52 நிமிட வீடியோவாக யூடியூபில் ஏற்றினார். 23-ஆம் நிமிடத்தில், கழித்தல் குறி போட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி விழுந்துவிட்டது. யூடியூபில் அதே லிங்கில் வேறு கோப்பை மாற்றி வைக்க வழி இல்லை. யூடியூப் ஸ்டுடியோ எடிட்டரில் தப்பான பகுதியை வெட்டலாம். புதிதாகப் பேசிய பகுதியை அங்கே செருக முடியாது. திரும்பப் பதிந்து ஏற்றினால் புது லிங்க். பழையதோ அதற்குள் நாலு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் கமெண்டில் திருத்தம் எழுதிவைத்தார். முன்பே டவுன்லோடு செய்து வைத்திருந்த பிள்ளைகள் அதைப் பார்க்கவே இல்லை. இன்டர்னல் தேர்வு விடைத்தாள்களில் வரிசையாகக் கூட்டல் குறி!

நீளத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை.

ஆகவே பாடத்தை 6 முதல் 8 நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு கருத்து: குறி மரபு (எங்கே கூட்டல், எங்கே கழித்தல்) ஒன்று, சமன்பாடு ஒன்று, கணக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பிளேலிஸ்ட்டில் சேர்த்து, அதை 'அன்லிஸ்டட்' (லிங்க் உள்ளவர் மட்டும் பார்ப்பது) ஆக வைத்து, பிள்ளைகளுக்குப் பிளேலிஸ்ட் லிங்க்கை மட்டும் கொடுங்கள். தனி வீடியோ லிங்க்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பிழை வந்தால் அந்த 7 நிமிடத்தை மட்டும் மறுபடி பதிந்து, பிளேலிஸ்ட்டில் பழையது இருந்த இடத்துக்கு நகர்த்தி, பழையதை 'பிரைவேட்' ஆக்கினால் போதும். பிள்ளைகள் கையில் இருக்கும் லிங்க் மாறாது.

இதிலும் ஒரு எச்சரிக்கை. "போன வீடியோவில் சொன்னேனே", "இது மூன்றாவது பகுதி", "நாளைக்கு டெஸ்ட்" என்று வாயால் சொல்லிவிட்டால், பிறகு நடுவில் ஒரு துண்டைச் சேர்க்கவோ அடுத்த வருஷம் அதே வீடியோவைப் போடவோ முடியாது. எண்ணைத் தலைப்பில் மட்டும் போடுங்கள். தலைப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

எம்பி4-இல் நேரடியாகப் பதிவது

திரையைப் பதியும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளில் பதியும்போது கரண்டு போனால், சாதாரண எம்பி4 கோப்பு முழுவதும் திறக்காமல் போகும். பதிவு முறையாக முடிந்தால்தான் அது திறக்கும். எம்கேவி என்ற கோப்பு வகையில் பதிந்தால் கரண்டு போன விநாடி வரைக்கும் மிஞ்சும். பிறகு ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். தரம் குறையாது.

காற்று

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். லேப்டாப் மைக்கை விட வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் வயர் இயர்போன் மைக் மேல். 30 விநாடி பதிந்து கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

பின்னணி இசை

வேண்டாம்.

இலவச ஜூம்

40 நிமிடத்தில் அறுந்துவிடும்; 35-இல் முடியுங்கள். இலவச கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் 60 நிமிடம். ஆனால் ரெக்கார்டிங் கிடையாது.

சொந்த ஜிமெயிலில் துறையின் சேனல்

கெஸ்ட் லெக்சரர் வேலை மாறிப் போனால் வீடியோக்களும் அவரோடு போய்விடும். துறைக்கென்று தனிச் சேனல் தொடங்கி, யூடியூப் ஸ்டுடியோ செட்டிங்ஸில் 'பெர்மிஷன்ஸ்' வழியாக இரண்டு, மூன்று ஆசிரியர்களைச் சேருங்கள். பாஸ்வேர்டைக் கை மாற்ற வேண்டியதில்லை.

ஒரே மொழியில் சப்டைட்டில்

ஒரே வீடியோவுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனிச் சப்டைட்டில் சேர்க்க யூடியூப் இடம் தருகிறது. பார்க்கிறவர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார். 7 நிமிடத் துண்டுக்கு எழுதுவது பெரிய வேலையும் இல்லை. ஆனால் இரண்டிலுமே 'ஃபோகல் லென்த்' என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். தமிழில் 'குவியத் தொலைவு' என்று எழுதினாலும் பக்கத்தில் அதுவும் இருக்கட்டும். கேள்வித்தாளில் பிள்ளை தேடப்போவது அந்தச் சொல்லைத்தான்.